பச்சை மை

நான் பதினோரு வருடம் வேலை பார்த்த கம்பெனியில் எம்.டி.யின் கையெழுத்து இல்லாமல் ஒரு காகிதம் கூட வெளியே போகாது. பச்சை மையில்தான் போடுவார். பேக்கிங் மெஷின் தயாரிக்கும் கம்பெனி அது. மோட்டார் வாங்கவும் அந்தக் கையெழுத்து வேண்டும், லேபிள் ரோல் வாங்கவும் வேண்டும். பர்ச்சேஸில் இருந்ததால் என் நாளில் பாதி அந்தப் பச்சைக்காகக் காத்திருப்பதிலேயே போனது.

நாற்பது பேர் இருந்த காலத்தில் அது நன்றாகவே ஓடியது. இதைச் சொல்லாவிட்டால் அவருக்கு அநியாயம் செய்தவனாவேன். ஒருமுறை பேரிங் ஆர்டர் ஒன்றை நீட்டினேன். இரண்டு நொடி பார்த்திருப்பார், பேனாவைத் திறக்கவில்லை. “6205 இசட்-இசட் போட்டிருக்கே. இந்த மெஷினைத் தினமும் தண்ணி ஊத்திக் கழுவுவாங்கப்பா, டூ-ஆர்எஸ் போடு” என்றார். இசட்-இசட் என்றால் இரண்டு பக்கமும் தகரத் தடுப்பு, தண்ணீர் கசிந்து உள்ளே போகும். டூ-ஆர்எஸ் என்றால் ரப்பர் சீல். அளவு ஒன்றுதான், வேறுபாடு கடைசி எழுத்துகளில் மட்டும். அன்று அவர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால், சில மாதங்களில் இருபது மெஷின்கள் கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கும்.

இப்படிப்பட்ட ஒருவர், ‘நான் பார்த்தால்தான் சரியாக இருக்கும்’ என்று நம்புவதில் என்ன தப்பு? அந்த நம்பிக்கைதான் கம்பெனியை வளர்த்தது. சிக்கல் வந்தது நூற்று நாற்பது பேர் ஆன பிறகு.

சாயங்காலம் நாலு மணிக்கு அவர் அறை வாசலில் ஃபைலோடு வரிசை நிற்கும். அவசரமான ஃபைலுக்குச் சிவப்புத் துண்டு ஒட்ட வேண்டும் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. இரண்டே மாதத்தில் எல்லா ஃபைலிலும் சிவப்பு ஒட்டியிருந்தது. அப்புறம் சிவப்பிலேயே இரண்டு துண்டு ஒட்ட ஆரம்பித்தோம். சிரிக்காதீர்கள், நானும்தான் ஒட்டினேன்.

ஒருமுறை அவர் கண்காட்சிக்காக ஒன்பது நாள் வெளிநாடு போயிருந்தார். எங்களிடம் ஐந்து வருடமாக வாங்கிக்கொண்டிருந்த வாடிக்கையாளரின் ஆர்டர் ஒன்று சென்சார் வராமல் அசெம்பிளியில் நின்றது. சென்சாருக்கான ஆர்டரோ கையெழுத்து இல்லாமல் என் மேசையில் கிடந்தது. வாடிக்கையாளர் இரண்டு முறை கூப்பிட்டார். மூன்றாவது முறை கூப்பிடவில்லை, ஆர்டரை ரத்து செய்து கடிதம் அனுப்பிவிட்டார். எம்.டி. திரும்பி வந்து எங்களை வாங்கு வாங்கென்று வாங்கினார். “மூளையைக் கழட்டி வச்சுட்டா வேலைக்கு வர்றீங்க?” அதற்கு அவர் கண்டுபிடித்த தீர்வு என்ன தெரியுமா? எந்த ஊரில் இருந்தாலும் கையெழுத்துப் போட வசதியாக ஒரு டேப்லெட் வாங்கிக்கொண்டார். கையெழுத்து வேகமானது. வரிசை மட்டும் அப்படியே நின்றது.

அந்தச் சமயத்தில்தான் ஹோண்டா கம்பெனியின் கதையைத் தேடித் தேடிப் படித்தேன். சோய்ச்சிரோ ஹோண்டா 1948-ல் கம்பெனி தொடங்கினார். மறு வருடம் தகேயோ ஃபுஜிசாவா வந்து சேர்ந்தார். அவர் எஞ்சின் தெரியாதவர், விற்பனையும் பணமும் தெரிந்தவர். அந்தக் காலத்து ஜப்பானில் கையெழுத்தின் இடத்தில் முத்திரைதான். கம்பெனித் தலைவரின் முத்திரை விழுந்தால்தான் ஒப்பந்தமோ கடனோ நகரும். அந்த முத்திரையை ஹோண்டா ஃபுஜிசாவாவிடமே விட்டுவைத்திருந்தார், தன் கையால் அதைத் தொட்டதே இல்லை என்பார்கள். முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. பர்ச்சேஸ் ஆளுக்கு வேறு எதைப் படித்தால் பொறாமை வரும்?

ஆனால் முத்திரையைக் கொடுப்பது சுலபமான பாதி என்று பின்னால்தான் புரிந்தது. பணம், ஒப்பந்தம் எல்லாம் ஹோண்டாவுக்குப் பிடிக்காத வேலை. பிடிக்காததை யாரும் கொடுத்துவிடுவார்கள். எஞ்சின்தான் அவருடைய உயிர். அங்கே அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கிற ஆளாக இருக்கவில்லை.

எஞ்சினைக் காற்றால்தான் குளிரவைக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். தண்ணீரால் குளிரவைத்தாலும் அந்தத் தண்ணீரைக் கடைசியில் காற்றுதானே குளிரவைக்கிறது, அப்படியானால் நேரடியாகக் காற்றையே பயன்படுத்தினால் என்ன என்று கேட்பாராம். கேட்கும்போது சரியாகத்தான் படுகிறது. அந்தப் பிடிவாதத்தோடு 1969-ல் ஹோண்டா 1300 என்ற கார் வந்தது. எஞ்சின் கனமானது, சிக்கலானது, விற்பனையும் எதிர்பார்த்தபடி இல்லை. அமெரிக்காவில் 1970-ல் வந்த காற்று மாசுச் சட்டமோ 1975-க்குள் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் 90 சதவீதம் குறைக்கச் சொன்னது. எரிப்பு அறையின் வெப்பத்தைச் சீராக வைக்காமல் அது நடக்காது, தண்ணீர் இல்லாமல் வெப்பம் சீராக நிற்காது என்று இளம் பொறியாளர்கள் சொன்னார்கள். முதலாளி காதில் ஏறவில்லை. அவர்கள் ஃபுஜிசாவாவிடம் போனார்கள்.

ஃபுஜிசாவா எஞ்சினைப் பற்றி வாதாடவே இல்லை, எனக்குப் பிடித்தது அதுதான். எஞ்சின் பேசியிருந்தால் தோற்றிருப்பார். நீங்கள் இந்தக் கம்பெனியின் தலைவராக இருக்கப் போகிறீர்களா, பொறியாளராக இருக்கப் போகிறீர்களா என்று மட்டும் கேட்டார். ஹோண்டா யோசித்துவிட்டுத் தலைவராகவே இருக்கிறேன் என்றார். சரி, அப்படியானால் தண்ணீர் எஞ்சின் செய்ய அவர்களை விடுங்கள். விட்டார். அங்கிருந்து வந்ததுதான் 1972-ல் அறிவிக்கப்பட்ட சி.வி.சி.சி. எஞ்சின். பெரிய கார் கம்பெனிகள் முடியாது என்று முறையிட்டுக்கொண்டிருந்த வரம்பை அது, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாமலே தாண்டியது. மறு வருடமே, 1973-ல், ஹோண்டாவும் ஃபுஜிசாவாவும் சேர்ந்து ஓய்வு பெற்றார்கள். ஹோண்டாவுக்கு அப்போது 66 வயது. அடுத்த தலைவராக வந்த கியோஷி கவாஷிமாவுக்கு 45. அவருக்குப் பிறகு 1983-ல் அந்த நாற்காலிக்கு வந்தவர் தடாஷி குமே. காற்று எஞ்சின் சண்டையில் ஹோண்டாவுக்கு எதிர்ப்பக்கம் நின்ற பொறியாளர்!

இந்தக் கடைசித் தகவலில் நான் ரொம்ப நேரம் நின்றேன். எதிர்த்துப் பேசியவரை ஒதுக்காமல் வைத்திருப்பதே அபூர்வம். தலைவராக்குகிற அளவுக்கு ஒரு கம்பெனியை வளர்த்துவிட்டுப் போவது வேறு ரகம்.

எங்கள் எம்.டி.க்கும் ஒரு காற்று எஞ்சின் இருந்தது. அது எங்களுடைய முதல் மாடல். கையால் இயக்குகிற சின்ன மெஷின், வாடகைக் கொட்டகையில் அவரே வெல்டிங் வைத்துச் செய்தது. ஒன்று அவர் அறை மூலையிலேயே நின்றது, தினமும் தூசி தட்டுவார்கள். வருடத்துக்குப் பத்துப் பதினைந்து விற்கும். கணக்கில் லாபம் தெரியும். மொத்தச் செலவை விற்கிற எல்லா மெஷினுக்கும் சமமாகப் பங்கு போட்டதால் தெரிந்த லாபம் அது. அதற்கென்றே தனியாக வைத்திருக்கும் வார்ப்பு அச்சு, டூல் ரூமில் அது தின்னும் நேரம், ஸ்டோர்ஸில் அது அடைக்கும் இரண்டு ரேக் எல்லாவற்றையும் சேர்த்து அக்கவுண்ட்ஸ் மேடமும் நானும் ஒருநாள் கணக்குப் போட்டோம். விற்கிற ஒவ்வொரு மெஷினுக்கும் கையிலிருந்து காசு போனது. தாளை மடித்து மேசை டிராயரில் வைத்தேன். மூன்று வருடம் அது அங்கேயே இருந்தது.

இந்த இடத்தில் இன்டெல் கதையைச் சொல்லாமல் போக முடியாது. பலருக்கும் தெரிந்த கதைதான், ஆனால் பலரும் சொல்லும் பகுதி எனக்கு முக்கியமில்லை. 1968-ல் தொடங்கிய இன்டெல், மெமரி சிப் கம்பெனியாகத்தான் பெயர் வாங்கியது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஜப்பானியக் கம்பெனிகள் அதே சிப்பைத் தரமாகவும் மலிவாகவும் கொடுத்தபோது நஷ்டம் கழுத்தை நெரித்தது. 1985-ல் கம்பெனியின் பிரெசிடென்ட் ஆண்டி குரோவ், தலைமை நிர்வாகியாக இருந்த கோர்டன் மூரிடம் கேட்டார்: நம்மைத் தூக்கிவிட்டுப் புது ஆளைக் கொண்டுவந்தால் அவன் முதலில் என்ன செய்வான்? மெமரியை விட்டு வெளியே வருவான் என்றார் மூர். அப்படியானால் நாமே வெளியே போய்விட்டு உள்ளே வந்து அதைச் செய்தால் என்ன என்றார் குரோவ். இதுதான் எல்லோரும் சொல்லும் பகுதி.

எனக்கு முக்கியமான பகுதி வேறு. அந்தப் பேச்சு நடந்த நேரத்தில் இன்டெல்லின் ஆலைகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே மெமரி செய்வதை நிறுத்தியிருந்தன. யாரும் உத்தரவு போடவில்லை. உற்பத்தித் திட்டம் போடுகிறவர்களும் நிதிப் பிரிவினரும் எந்தச் சிப்பில் லாபம் அதிகமோ அதற்கே ஆலையை ஒதுக்க வேண்டும் என்ற விதிப்படி, மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக, கம்ப்யூட்டரின் மூளையான மைக்ரோப்ராசசர் பக்கம் நகர்த்தியிருந்தார்கள். மேலே இருந்தவர்கள் மட்டும் நாங்கள் மெமரி கம்பெனி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். முடிவை வாடிக்கையாளர்களிடம் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, இதற்கா இவ்வளவு நாள் எடுத்தீர்கள் என்கிற மாதிரி கேட்டுக்கொண்டார்களாம்.

அதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. காரணம், நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். பழைய மாடலின் வார்ப்புகளை வாங்கும் அளவை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைத்துப் போடுவேன். ‘சப்ளையர் தாமதம்’ என்று எழுதுவேன். விற்பனையில் இருந்தவர்கள் கேட்டு வருகிறவர்களைப் புது மாடல் பக்கம் திருப்பிவிடுவார்கள். கம்பெனியே சேர்ந்து ஒரு முடிவை எடுத்துவிட்டு, முடிவெடுக்க வேண்டியவரிடம் மட்டும் சொல்லாமல் இருந்தோம். இன்டெல்லில் அதற்கு ஒரு விதி இருந்தது, அதனால் அது வேலை. எங்களிடம் இருந்தது பயம். நான் செய்ததை இன்று நினைத்தாலும் கெட்டிக்காரத்தனம் என்று சொல்ல மனம் வரவில்லை.

கடைசியில் அதை நிறுத்தியது வெளியிலிருந்து வந்த ஒரு பொது மேலாளர். வந்த ஆறாவது வாரம் கூட்டத்தில், இந்த மாடல் எதற்கு என்று கேட்டார். யாரும் பேசவில்லை. எம்.டி. எங்கள் எல்லோர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் டிராயரில் இருந்த தாளை எடுத்து வந்து வைத்தேன். தேதியைப் பார்த்தார். “மூணு வருஷமா?” என்றார். அவ்வளவுதான் கேட்டார். அன்று அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த மாதம் ஒரு குறிப்பிட்ட தொகை வரை துறை மேலாளர்களே கையெழுத்துப் போடலாம் என்று சுற்றறிக்கை வந்தது. முதல் ஆறு மாதம் இரவு எட்டு மணிக்கு போன் வரும், “இன்னிக்கு என்னென்ன போட்ட?” நான் ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். அப்புறம் போன் வாரத்துக்கு ஒன்றானது. ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது. அந்த இடைவெளியில் நான் என்ன செய்தேன் என்று கேட்டால் வெட்கமாக இருக்கிறது. என் கீழ் இருந்த மூன்று பேரும் ஒரு கொட்டேஷன் வாங்கினால்கூட என்னிடம் காட்டிவிட்டுத்தான் பதில் எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன். ஒருநாள் தலை நிமிர்ந்தபோது என் மேசை முன்னால் இரண்டு பேர் ஃபைலோடு நின்றார்கள். ஒரு ஃபைலில் சிவப்புத் துண்டு.

நிலைத்து நிற்கும் கம்பெனிகளைப் பற்றிய பேச்சில் நான் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே இருப்பேன். ஜெயித்தவர்களின் கதைதான் நமக்கு வந்து சேர்கிறது. ஹோண்டா மாதிரியே விட்டுக்கொடுத்துவிட்டு மூழ்கிப்போன முதலாளிகளும் இருந்திருப்பார்கள், அவர்களைப் பற்றி யார் எழுதினார்கள்? அவ்வளவு தெளிவாகக் கேள்வி கேட்ட இன்டெல்லே பின்னால் கைபேசி சிப் காலத்தைக் கோட்டைவிட்டது. ஜப்பானின் கோங்கோ குமி கி.பி. 578 முதல் கோயில் கட்டி வந்த குடும்பக் கம்பெனி. மூத்த மகனுக்கே பட்டம் என்று பிடிவாதம் பிடிக்காமல், திறமையான மருமகனுக்குக் குடும்பப் பெயரைக் கொடுத்துப் பொறுப்பையும் கொடுத்தார்கள். 1,400 வருடத்துக்கு மேல் நின்றது. 2006-ல் கடனில் சிக்கி வேறொரு கட்டுமானக் கம்பெனியின் கைக்குப் போனது. கோயில் கட்டுவதில் அவர்கள் தோற்கவில்லை. எண்பதுகளில் நிலத்தின் மேல் போட்ட பணம்தான் இழுத்துவிட்டது.

இதையெல்லாம் எழுத்தில் கட்டிப்போட முயன்றவர் ஒருவர் உண்டு, எர்ன்ஸ்ட் ஆபே. ஜெர்மனியின் கார்ல் சைஸ் லென்ஸ் கம்பெனியின் பங்குதாரராக இருந்த இயற்பியலாளர். 1889-ல் ஓர் அறக்கட்டளையை ஏற்படுத்தி, தன் பங்குகளை அதற்கே மாற்றிக் கொடுத்தார். 1896-ல் எழுதிய விதிகளில், மேலே இருப்பவரின் சம்பளம் தொழிலாளர்களின் சராசரி வருமானத்தைப் போல் பத்து மடங்கைத் தாண்டக்கூடாது என்று வைத்தார். 1900-ல் எட்டு மணி நேர வேலை. தான் நல்லவனாக இருப்பதை அடுத்தவன் நம்பித்தான் ஆகவேண்டும் என்ற நிலையையே அவர் விட்டுவைக்கவில்லை.

எங்கள் எம்.டி. விதி எழுதுகிற ஆள் இல்லை. நான் வேலையை விட்டபோது விடுவிப்புக் கடிதம் பொது மேலாளர் கையெழுத்தோடு வந்தது, நீல மையில். அதை எடுத்துக்கொண்டு எம்.டி.யைப் பார்க்கப் போனேன். அறையில் இல்லை. அசெம்பிளியில் ஒரு பையனோடு குனிந்து ஏதோ பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். “சார், நீங்களும் ஒரு கையெழுத்து…” என்று நீட்டினேன். கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தார். பையிலிருந்து பேனாவை எடுத்தார். என் பதவிப் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. அதைச் சுற்றிப் பச்சையில் ஒரு வட்டம் போட்டு, “அவர்கிட்டயே குடுத்துத் திருத்தி வாங்கிக்கோ” என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் பெல்ட்டைப் பார்க்கக் குனிந்துகொண்டார்.