மாமாவும் மர்ம ஆண்டெனாவும்

மாமாவின் கைப்பேசியில் இணையத்தை யாராவது ஒரு வாரம் துண்டித்தால் எங்கள் வீட்டுக்குப் பாதி நிம்மதி. இப்போது அவருக்கு ஆண்டெனா பித்து. அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டிக்கு மேலே இருக்கும் மலைகளில், யாரோ சோலார் தகடு, பூட்டுப் போட்ட பேட்டரிப் பெட்டி, ஆண்டெனா எல்லாம் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். 2023 ஜனவரியில் செய்தியானது. நகராட்சி ஆட்கள் மலையேறிக் கழற்றி வந்தார்கள். ஹீலியம் என்று ஒரு கிரிப்டோ காசு, ஆண்டெனா நட்டுக் கம்பியில்லா இணைப்பு கொடுத்தால் கிடைக்கும்; அதைச் சம்பாதிக்கத்தான் வைத்திருப்பார்கள் என்று அங்கே ஊகம். மாமா ஏற்கவில்லை. காசுக்காக எவன் மலையேறுவான் என்கிறார். முனைக்கடைக்கே கார் எடுப்பவர் வேறு என்ன சொல்வார்?

ஞாயிற்றுக்கிழமை, இங்கே மொரீஷியஸில் இருக்கும் ப்ரா தோ காட்டுக்குப் போனோம். அம்மா ஒரு டப்பா நிறைய கத்தோ பிமா, அதாவது மிளகாய் வடை, சுட்டிருந்தார். வழியில் ஃப்ளாக் ஊர் வருவதற்குள் பாதி டப்பா காலி. பழி வழக்கம்போல என் மேல்.

கொஞ்ச தூரம் நடந்ததும் மாமா கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார், யானையைப் பார்த்தவர் மாதிரி. புதருக்கு நடுவே சட்டத்தில் ஸ்பிரிங் போலச் சுற்றிய கம்பி, ஏறக்குறைய என் உயரம். பக்கத்தில் இன்னொன்று. எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன.

"அக்கா, நான் சொன்னேன்ல! தியேகோ கார்சியா தீவிலே அமெரிக்காக்காரன் படைத்தளம் போட்டு உட்கார்ந்து எல்லாத்தையும் கேட்கிறான்."

எதைக் கேட்கிறான்? எங்கள் ஊர் ரோஸ் ஹில்லில் அத்தை ரெண்டு மாதச் சீட்டுப் பணம் கட்டாத கதையையா?

அம்மா கம்பியைச் சுற்றி வந்து பார்த்தார். "துணி காயப்போட நட்டிருக்கான். வரிசையைப் பாரு."

"கயிறு எங்கம்மா?"

"எவனாவது அவிழ்த்துட்டுப் போயிருப்பான்."

அந்த வழியாக வந்த காவலாளிதான் எங்களைக் காப்பாற்றினார். முகத்தைப் பார்த்தால், வாரம் ஒரு உளவாளி வேட்டைக்காரராவது அவரிடம் மாட்டுவார் போலிருந்தது. இது ரேடியோ தொலைநோக்கியாம். 1992 முதல் தென்வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளைக் கேட்டதாம். கிழக்கு மேற்காக ரெண்டு கிலோமீட்டருக்கு இந்த மாதிரி 1024 சுருள்கள். தெற்கே போகும் இன்னொரு வரிசைக்குத் தண்டவாளம், அதில் ஆண்டெனாவைச் சுமந்து நகரும் தள்ளுவண்டிகள். தெற்கு வானம் தெரியத்தான் சுருளெல்லாம் தெற்கே சாய்ந்திருக்கிறது என்றார்.

தியேகோ கார்சியா நமக்கு வடகிழக்கே இருக்கிறது என்று நான் மாமாவிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். வண்டி வரைக்கும் அவர் என்னோடு பேசவில்லை. மிச்சமிருந்த கத்தோ பிமாவையும் அவரே முடித்தார்.

திரும்பும்போது வண்டியில், கட்டியது யார் என்று தேடிச் சத்தமாகப் படித்தேன். மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தோடு பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம், ராமன் ஆராய்ச்சி நிறுவனம். அவ்வளவுதான், பின்சீட்டில் மாமா நிமிர்ந்துவிட்டார்.

"ராமன்னா நம்ம சி. வி. ராமனா? திருச்சியிலே பொறந்தவராச்சே!"

ரோஸ் ஹில் வருவதற்குள், ஏதோ அவரே போய் அந்த 1024-ஐயும் நட்ட மாதிரி பேசிக்கொண்டு வந்தார்.

வீட்டில் இறங்கியதும் மொட்டைமாடியைப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் துருப்பிடித்த மீன்முள் ஆண்டெனா. பக்கத்துத் தீவான ரீயூனியனின் டிவி சேனல் பிடிக்க அப்பா நட்டது. அவர் மேலே நின்று திருப்புவார். நான் ஜன்னலில் நின்று "வந்துருச்சு, போயிருச்சு" என்று கத்துவேன். வந்த நாட்கள் குறைவு. பனிமூட்டத்துக்குள் யாரோ பிரெஞ்சில் செய்தி வாசிப்பது போலிருக்கும். அதையும் அப்பா கடைசி வரை பார்ப்பார். அவர் போய் பதினோரு வருடம்.

"இதை இன்னும் ஏன் வச்சிருக்கீங்க? புயல்லே பறந்து யார் தலையிலாவது விழும். கழற்றிடறேன்" என்று மாமா ஏணியைத் தேடினார்.

அம்மா வேகமாக ஏணிக்கு முன்னால் போய் நின்றார்.

"தொடாதே தம்பி. துணிக்கொடி அதிலேதான் கட்டியிருக்கு."