நான்காம் ஆவர்த்தனத்தின் கடைசி ஸ்வரம்

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் நண்பர் ஒருவரின் வீட்டுக் கூடத்தில், ஞாயிறு பிற்பகல்களில் நாங்கள் ஐந்து பேர் கூடி அயர்லாந்து நாட்டு மெட்டுகளை வாசித்து வருகிறோம். மூஞ்சிக்கல்லில் கடை வைத்திருக்கும் அண்ணன் டின் விசில் என்னும் சிறு தகரக் குழல் ஊதுவார். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மாண்டலின் வாசிப்பார். இளைஞர் இருவர் கிடாரையும் பவுரான் என்னும் தோற்கருவியையும் பார்த்துக்கொள்வார்கள். நான் வயலின். மூடுபனி இறங்கிவிட்டால் என் வயலினின் பிருடைகள், அதாவது தந்தியை முறுக்கும் திருகுகள், இறுகிக்கொள்ளும் என்பதால், சுருதி சேர்த்து முடிப்பதற்குள் ஒரு சுற்றுத் தேநீர் முடிந்துவிடும்.

சென்ற மாதம் ‘டிரௌஸி மேகி’ என்ற ரீலை வாசிக்கும்போது, என் வாசிப்பும் அண்ணனின் வாசிப்பும் ஒரே ஒரு ஸ்வரத்தில் ஒத்துப்போகவில்லை. ரீல் என்பது விரைவான ஆட்டத்துக்கு உரிய மெட்டு. பொதுவாக, எட்டு அட்சரம் கொண்ட தாள வட்டங்களான ஆவர்த்தனங்கள் எட்டு சேர்ந்தால் ஒரு பகுதி; இரு பகுதிகளையும் இரண்டிரண்டு முறை வாசிக்க, 32 ஆவர்த்தனங்களில் ஒரு சுற்று நிறைவடையும். செஷன் என்று அயர்லாந்துக்காரர்கள் அழைக்கும் கூட்டு வாசிப்பில், பெரும்பாலும் ஒரு மெட்டை மூன்று சுற்று வாசித்துவிட்டு, நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். தனி ஆவர்த்தனம் கிடையாது. எல்லோரும் ஒரே மெட்டைத்தான் வாசிக்க வேண்டும். அதனால்தான் ஒரு ஸ்வரம் மாறினாலும் கூடத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் அது கேட்டுவிடுகிறது.

மேற்கத்திய முறையில் E எனப்படும் வயலினின் இ ஸ்வரத்தை ஸட்ஜமாக, அதாவது ஆதார ஸ்வரமாக, வைத்துக்கொண்டால், இந்த மெட்டின் முதல் அடி ‘ஸா ப ஸ நி ஸ ப ஸ’ என்று போகும். கேட்ட மாத்திரத்தில் நம் காது கரகரப்பிரியா ராகம் என்று சொல்லிவிடும். இரண்டாம் பகுதியில் மெட்டு டி (D) ஸ்வரத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பயன்படும் ஸ்வரங்கள் அவையேதான், ஆனால் கேட்பது சங்கராபரணம். கரகரப்பிரியாவின் நிஷாதத்தை ஸட்ஜமாகக் கொண்டால் சங்கராபரணம் பிறக்கும் என்று ஸட்ஜத்தை இடம் மாற்றி வேறு ராகம் காட்டும் கிரகபேதப் பாடத்தில் படித்ததை, ஓர் அயர்லாந்து ஆட்ட மெட்டு எந்த விளக்கமும் இல்லாமல் செய்து காட்டியபோது நான் வில்லை இறக்கிவைத்துவிட்டுச் சற்று நேரம் அமர்ந்திருந்தேன்.

எங்கள் வேறுபாடு முதல் பகுதியின் நான்காம் ஆவர்த்தனத்தில் இருந்தது. அச்சில் பார்த்து நான் மனப்பாடம் செய்திருந்தது ‘ப ம ப த நி ம ரி நி’. கடைசி நி கீழ் ஸ்தாயி. அண்ணன் பழைய ஒலிநாடா ஒன்றிலிருந்து கேட்டுப் பழகியது ‘ப ம ப த நி ம ரி ம’. என்னுடையது கீழே இறங்கி முடிகிறது. அவருடையது மேலே திரும்பி நிற்கிறது. எது சரி என்று நான் கேட்டேன். “ரெண்டும் வாசிக்கிறாங்க தம்பி. நாம இங்க எதை வாசிக்கிறோம்னு மட்டும் முடிவு பண்ணிக்குவோம்” என்றார் அண்ணன்.

பாடாந்தரம், அதாவது ஒரு பாட்டைக் கற்றுக்கொண்ட வடிவம், என்பதைக் குருவின் சொத்தாகக் கருதி வளர்ந்தவன் நான். ஒரே வரியின் மாற்று வடிவங்களாகக் கற்றுக்கொடுத்த சங்கதியில் ஒன்றை மாற்றி வாசித்ததற்காக ஒரு மாலை முழுவதும் அதே வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைக்கப்பட்டவன். ஆகவே அண்ணனின் பதிலை ஏற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. அந்த இரண்டு வாரத்தில் இந்த மெட்டுகள் எப்படிப் பரவின என்று தேடிப் படித்தேன்.

அச்சு வடிவத்துக்குப் பெரிய மதிப்பைத் தேடித்தந்தவர் பிரான்சிஸ் ஓநீல். கார்க் மாவட்டத்தில் 1848 இல் பிறந்து, சிகாகோ நகரக் காவல்துறைத் தலைவராக உயர்ந்த அவர், 1903 இல் 1,850 மெட்டுகள் கொண்ட தொகுப்பை வெளியிட்டார். அவருக்கு ஸ்வரக் குறிப்பு எழுத வராது. அவர் வாசித்தும் பாடியும் காட்டியவற்றை ஜேம்ஸ் ஓநீல் என்பவர் எழுதிக்கொண்டார். அப்படியென்றால் நான் வேதமாக நினைத்துக்கொண்டிருந்த இத்தகைய அச்சுப் பிரதிகள், ஒருவர் ஒருநாள் வாசித்ததை இன்னொருவர் கேட்டு எழுதியவையே. ஒலித்தட்டும் இதே வேலையைச் செய்தது. ஸ்லைகோ மாவட்டத்தில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த மைக்கேல் கோல்மன் 1920களிலும் 1930களிலும் பதிவுசெய்த நிமிடத்துக்கு 78 சுழற்சித் தட்டுகள் அயர்லாந்துக்குத் திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது, அவருடைய வடிவங்களை ஊர் ஊராக எல்லோரும் பின்பற்றத் தொடங்கினார்கள். அவர் 1934 இல் அடுத்தடுத்து வாசித்துப் பதிவுசெய்த மூன்று ரீல்களை இன்றும் அதே வரிசையில்தான் வாசிக்கிறார்கள். உள்ளூர் வடிவங்கள் பல அந்த வேகத்தில் பின்னுக்குப் போயிருக்கும் என்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

வடிவங்கள் கிளைப்பதற்கு வாத்தியமும் ஒரு காரணம். வயலின் கீழ் ஜி (G) வரை இறங்கும். வழக்கமான டின் விசிலும் அவர்களுடைய மரப் புல்லாங்குழலும் டி ஸ்வரத்துக்குக் கீழே போகமாட்டா. வயலின்காரர் இறங்குகிற அடியைக் குழல்காரர் மேல் ஸ்தாயிக்கு மடித்துக்கொள்ள, அவரிடம் கற்றவர்களுக்கு அதுவே மெட்டாகிவிடும். குழல் வாசிப்பவர் மூச்சு வாங்க ஒரு ஸ்வரத்தை விட்டேயாக வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். இன்னும் நுட்பமான ஓர் இடம் சி (C) ஸ்வரம். டி ஸட்ஜமானால் அது தாழ்ந்த கைசிகி நிஷாதமா உயர்ந்த காகலி நிஷாதமா என்று எழுதியவர் ஏதாவது ஒன்றைக் குறித்தாக வேண்டும்; ஆனால் பழைய வயலின்காரர்களும் காற்றுப்பை கொண்ட பைப் வாசிப்பவர்களும் பல மெட்டுகளில் இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தில் விரலை வைத்திருக்கிறார்கள். ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்தில் பழகிய நமக்கு இது புதிதல்ல, காகிதத்துக்குத்தான் சிக்கல்.

பாடாந்தரம் வேறு, அந்தந்த நேரத்துக்குச் செய்கிற மாற்றம் வேறு என்பதையும் சொல்ல வேண்டும். நல்ல வாசிப்பாளர் நீளும் ஸ்வரத்தில் முதல் சுற்றில் நிற்பார். அடுத்த சுற்றில் அதையே ரோல் என்னும் ஐந்து ஸ்வரச் சுழற்சியாக்குவார். இதனால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஆனால் கூடத்தில் நால்வர் மேலே திரும்பும்போது, நான் படித்தது இதுதான் என்று ஒவ்வொரு முறையும் கீழே இறங்குவது மரியாதைக் குறைவு என்றே இப்போது கருதுகிறேன். எந்த ஊர்க் கூட்டத்தில் உட்கார்ந்தாலும், அங்கே வாசிக்கிற வடிவத்தை ஒரு சுற்று சும்மா இருந்து கேட்டுவிட்டு வில்லை எடுப்பதே முறை.

கடந்த ஞாயிறு அன்று, முதல் இரண்டு சுற்றும் என் வடிவத்தில் எல்லோரும் கீழே இறங்கினோம். மெட்டின் இரண்டாம் பகுதியும் அதே அடியில் முடிவதால், மூன்றாம் சுற்றின் கடைசியில் அண்ணனின் வடிவத்தை வைத்துக்கொண்டோம். முதல் பகுதியில் மத்திமமாக நிற்கும் அந்த ஏ (A) ஸ்வரம், டி ஸட்ஜமானபோது பஞ்சமமாகிவிடுகிறது. அடுத்து நாங்கள் எடுத்த ‘தி விண்ட் தட் ஷேக்ஸ் த பார்லி’ என்ற ரீல் தொடங்குவதும் அதே பஞ்சமத்தில்தான். என் வில் திசைகூட மாறவில்லை. ஆசிரியை அம்மா மாண்டலினிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்ப்பதற்குள் நாங்கள் புதிய மெட்டின் இரண்டாம் ஆவர்த்தனத்தில் இருந்தோம்.