போத்தல் கண்ணாடியா, பரிசோதனைக் குழாய்க் கண்ணாடியா: முறித்துப் பார்த்தது

கலவையை மாற்றினால் கண்ணாடி எவ்வளவு பலக்கும் என்பதுதான் என் கேள்வி. ஒரு பக்கம் பழைய சோடாப் போத்தல். மறுபக்கம் யாழ்ப்பாணம் ரவுணில் வாங்கிய, பரிசோதனைக் குழாய்கள் செய்யும் போரோசிலிக்கேட் கண்ணாடிக் கோல். போத்தலில் சிலிக்கா (மணலின் முக்கிய கூறு) 70 வீதத்துக்குச் சற்று மேல், மிச்சம் பெரும்பாலும் சோடாவும் (சோடியம் ஒட்சைட்டு) சுண்ணாம்பும். கோலில் சிலிக்கா 80 வீதம், போரன் ஒட்சைட்டு 12, 13 வீதம்.

சூட்டில் வித்தியாசம் உடனே தெரிந்தது. சுவாலையில் காட்டிக் கிணற்றுத் தண்ணீரில் போட்டதும் போத்தல் துண்டு சடக்கென்று பிளந்தது. போரோசிலிக்கேட் அசையவில்லை. ஒரே சூட்டுக்குப் போத்தல் கண்ணாடி ஏறத்தாழ இரண்டரை மடங்குக்கு மேல் விரியும். இரண்டையும் உருக்கி ஒட்டியும் பார்த்தேன். சிவந்திருக்கும்வரை நல்ல ஒட்டு. ஆறும்போது ஒட்டைச் சுற்றி மயிரிழைபோல ஒரு கீறல் ஓடி, துண்டு தானாகக் கழன்றது.

அப்புறம் முறிவு. இரண்டையும் ஒரே தடிப்பில் மெல்லிய கோலாக இழுத்து, இரண்டு கல்லுக்கு மேல் வைத்து, நடுவில் ரின் தொங்கவிட்டு மணற்காட்டு மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டினேன். கலவையால் பெரிய வித்தியாசம் இல்லை! இழுத்த கையோடு தொங்கவிட்ட கோல் வில்லாக வளைந்து நின்றது. அரத்தாளால் ஒருமுறை தடவிய கோல் பாதி ரின் நிரம்ப முன்னமே முறிந்தது. எந்தக் கண்ணாடி என்றாலும் இதே கதைதான். 1920இல் ஆங்கிலேயப் பொறியியலாளர் கிரிஃபித் கண்டதும் இதுவே: கண்ணாடியின் பலத்தைத் தீர்மானிப்பவை மேற்பரப்பிலுள்ள நுண்கீறல்கள். கீறல் பரவுவதைத் தடுக்கும் முறிவுத் தாங்குதிறனும் சாதாரணக் கண்ணாடிகளில் கிட்டத்தட்ட ஒன்றுதான்; உருக்கு இரும்பில் அது பல பத்து மடங்கு.

ஆனால் கலவையால் ஒன்றும் ஆகாது என்று சொல்லமாட்டேன். போன் திரைக் கண்ணாடியில் அலுமினா (அலுமினியம் ஒட்சைட்டு) சேர்ப்பது, உருகிய பொற்றாசியம் நைத்திரேற்று உப்பில் அமிழ்த்தும்போது அயன்கள் (மின்னேற்றமுள்ள அணுக்கள்) சுலபமாக இடம்மாறத்தான். சிறிய சோடியம் வெளியேறி, பெரிய பொற்றாசியம் அதே இடத்தில் நெருக்கிக்கொண்டு உட்காரும். மேற்பரப்பு அமுங்கியே இருப்பதால் கீறல் வாய் திறக்காது. 400 பாகை உப்புக் குளியல் என்பதால் அதை வீட்டில் செய்யப் போவதில்லை.

கீறல் நுனியில் சிலிக்காப் பிணைப்பைத் தண்ணீர் அறுக்கும். அதனால் இப்போது கீறிய கோல்களில் முறியாத அளவு பாரம் ஏற்றி, சிலவற்றை ஈரத்துணி சுற்றியும் சிலவற்றை உலர்வாகவும் விட்டிருக்கிறேன். ஈரமான போத்தல் கோல் ஒன்று ஒருவரும் தொடாமலே இரவில் முறிந்துவிட்டது. உலர்ந்தவை இன்னும் தாங்குகின்றன.