அலமாரியில் சேர்ந்த பழைய போன்களை அனுப்பிய அனுபவம்

ஊழியர்கள் திருப்பிக் கொடுத்த போன்கள் எங்கள் அலுவலக அலமாரியில் பல வருடங்களாகச் சேர்ந்துகொண்டே இருந்தன. அவற்றை முறையாக மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு என்னிடம் வந்தது. பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டால் முடிந்தது என்றார்கள். சொல்வது சுலபம்.

புதுப் போன்கள் ஒரே அளவுப் பெட்டியில் சீல் பிரிக்காமல் வந்து இறங்கும். திரும்பிப் போகும்போது ஒவ்வொன்றும் ஒரு தினுசு: திரை நொறுங்கியது, உயிரே இல்லாதது, பேட்டரி உப்பியது, யாருடையது என்றே தெரியாதது. பயன்படுத்திய பொருளைத் திருப்பி அனுப்பும் வேலைக்கு ரிவர்ஸ் லாஜிஸ்டிக்ஸ் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்களே, அதில் பெரும்பாதி இப்படித் தரம் பிரிக்கும் வேலைதான்.

ஆன் ஆகும் போனில் *#06# அடித்து ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைக் குறித்துக்கொண்டேன். மற்றவற்றில் சிம் ட்ரேயிலோ முதுகிலோ அச்சாகியிருந்தால் உண்டு.

அதிகம் இழுத்தடித்தது லாக். ஐபோனில் பழைய ஆப்பிள் கணக்கைக் கேட்கும் ஆக்டிவேஷன் லாக், ஆண்ட்ராய்டில் பழைய கூகுள் கணக்கைக் கேட்கும் பூட்டு. கணக்கிலிருந்து வெளியேறாமல் பட்டன்களை அழுத்தித் திறக்கும் ரெக்கவரி மெனு வழியாக அழித்தால், ஆன் ஆனதும் பழைய கணக்கையே கேட்டு நிற்கும். நன்றாக ஓடுகிற போன்கூட அப்போது உதிரிபாகமாகத்தான் போகும். வேலையை விட்டுப் போனவர்களைத் தேடிப் பிடித்தேன். ஐபோன்காரர்கள் இருந்த இடத்திலிருந்தே ஆப்பிளின் ஐக்ளவுட் தளத்தில் போனைத் தங்கள் கணக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஒருவருக்குப் பாஸ்வேர்டே மறந்துபோயிருந்தது. அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது!

படங்களும் செய்திகளும் யார் கையிலாவது கிடைத்துவிடுமோ என்று பலருக்குப் பயம். இப்போதைய போன்கள் எல்லாவற்றையும் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்தே வைக்கின்றன. ஃபேக்டரி ரீசெட் அதன் சாவியை அழித்துவிடுவதால், மிச்சம் இருப்பதைப் படிக்க முடியாது. ஆன் ஆகாதவற்றை மட்டும் அரைத்து அழித்துச் சான்றிதழ் தரச் சொன்னோம்.

உப்பிய பேட்டரிதான் ஆபத்தானது. அழுத்தக்கூடாது, குத்தக்கூடாது, சார்ஜ் போட்டுப் பார்க்கவே கூடாது. தீப்பிடிக்கும் அபாயமுள்ள சேதமான லித்தியம் பேட்டரியை விமானத்தில் அனுப்பத் தடை. நாங்கள் பேசிய கூரியர் தொடவே மறுத்துவிட்டது. கடைசியில் மறுசுழற்சி நிறுவனமே வண்டி அனுப்பியது. அவற்றைத் தனித்தனிப் பையில் போட்டு, சுற்றிலும் தீப்பிடிக்காத பொருளை நிரப்பி எடுத்துப் போனார்கள்.

அங்கே முதலில் பேட்டரியைக் கழற்றுகிறார்கள். அதிலிருந்து கோபால்ட் எடுக்கலாம். சர்க்யூட் போர்டுகள் செம்பு உருக்காலைக்குப் போகின்றன. உருகிய செம்போடு தங்கம், வெள்ளி, பல்லேடியம் சேர்ந்துகொள்ள, பிறகு பிரிக்கிறார்கள். ஒரு டன் தாதுவில் சில கிராம் தங்கம் இருந்தாலே சுரங்கம் கட்டுபடியாகும். ஒரு டன் போனில் அதைவிடப் பல மடங்கு இருக்கும். ஆனால் டான்டலம் போன்ற உலோகங்கள் பெரும்பாலும் உருக்கும்போது ஒதுங்கும் கசடோடு போய்விடும். எல்லாமே திரும்பக் கிடைக்கிறது என்று விளம்பரத்தில் சொன்னால் நம்பாதீர்கள்.

ரசீதை ஐஎம்இஐ பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டே கையெழுத்திட்டேன். அதிகப்படி என்றார்கள். 2022இல் உலகில் சேர்ந்த 6.2 கோடி டன் மின்னணுக் கழிவில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததற்குக் கணக்கு இருப்பது 22.3 சதவீதத்துக்குத்தான். 2025 ஜனவரி 1 முதல், அபாயகரமான கழிவு நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பேசல் ஒப்பந்தப்படி எந்த மின்னணுக் கழிவையும் வேறு நாட்டுக்கு அனுப்ப அந்த நாட்டின் முன் அனுமதி வேண்டும். காகிதம் இல்லாமல் எப்படி?

இப்போது போனைத் திருப்பிக் கொடுக்கும் படிவத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: கணக்கிலிருந்து வெளியேறி, ரீசெட் செய்து, வரவேற்புத் திரையைக் காட்டினால்தான் வாங்கிக்கொள்வோம். முணுமுணுக்கிறார்கள், ஆனாலும் செய்துவிடுகிறார்கள்.