ரயில் அருமை, சாவிதான் பாரம்

'மிஷன்: இம்பாசிபிள்' வரிசையில் 2023-இல் வந்த ஏழாவது படத்தை நேற்று இரவு மறுபடியும் பார்த்தேன். நார்வே மலை முகட்டிலிருந்து டாம் குரூஸ் பைக்கோடு பாயும்போது இந்த முறையும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் இருந்தேன். ஒரே நாளில் ஆறு முறை குதித்திருக்கிறார்!

ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது ரயில்தான். பாலத்திலிருந்து பெட்டி பெட்டியாகச் சரிகிறது. சமையலறைப் பெட்டியில் ஒரு ஆபத்து, பியானோ தொங்கும் பெட்டியில் வேறொரு ஆபத்து. ஆக்‌ஷனை யோசித்து எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

கதை அந்த அளவுக்கு இல்லை. எதிரி ஒரு செயற்கை நுண்ணறிவு. முகமே இல்லாத ஒன்றை எப்படி வெறுப்பது? அதன் கையாள் கேப்ரியலின் முன்கதையும் அரைகுறை. அந்தச் செயற்கை நுண்ணறிவைக் கட்டுப்படுத்த எல்லோரும் தேடும் இரட்டைச் சாவியைப் பற்றி ஆளாளுக்கு விளக்கம் சொல்லியே 163 நிமிடத்தில் பாதி போன மாதிரி ஒரு சலிப்பு.

இன்னும் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திவிடுங்கள்.

நாயகனின் தோழி இல்சாவை வெனிஸில் அப்படிச் சாகடித்ததை என்னால் ஏற்கவே முடியவில்லை. முந்தைய இரண்டு படங்களில் ஈதனுக்கு (டாம் குரூஸின் பாத்திரம்) சமமாக நின்றவள். அவளுக்காக அழக்கூட நேரம் தராமல் கதை ரயிலைப் பிடிக்க ஓடுகிறது. கிரேஸாக வரும் ஹேலி அட்வெல் நன்றாகவே நடித்திருக்கிறார், சரி. அவள் வருவதற்கு இவள் போகத்தான் வேண்டுமா?