சாயம் எங்கே ஓடும்?

மதுரை விளக்குத்தூண் பக்கம் சித்தப்பாவுக்குச் சுங்குடிச் சேலைக் கடை. போன வாரம் மத்தியானம் போன். "பிரெஞ்சுக்காரங்க ரெண்டு பேர் வந்திருக்காங்கம்மா. இங்கிலீஷ் அரைகுறைதான். நீ அந்தப் பாஷை படிக்கிறேல்ல, வெரசா வா."

நான் படிப்பது ஆன்லைனில், அதுவும் ஏ1 என்கிற முதல் படி. பெயர் சொல்லி, ஊர் சொல்லி, ஒரு காபி வாங்கிக் குடித்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். ஆனால் வீட்டில் ஏற்கெனவே பீற்றிக்கொண்டதால் போகாமல் தப்ப வழியில்லை.

கடையில் ஒரு தம்பதி, அறுபது வயதிருக்கும். அந்த அம்மா அரக்குச் சேலை ஒன்றைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு புள்ளியும் நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கியது என்பதைச் சித்தப்பா கை ஜாடையிலேயே புரியவைத்திருந்தார். "2005-ல புவிசார் குறியீடு வாங்குனதையும் சொல்லு" என்றார். காதில் விழாத மாதிரி நின்றேன்.

"சரி, இதையாவது சொல்லு. முதல் தண்ணியில கலர் ரன் ஆகும், தனியா உப்புத் தண்ணியில நனைக்கணும்."

ரன் என்றால் ஓடு. பிரெஞ்சில் கூரிர். சாயம் ஓடும் என்று கம்பீரமாகச் சொன்னேன். அந்த அம்மா சேலையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்து "ஊ?" என்றார்.

"என்னம்மா கேக்குறாங்க?"

"எங்கே ஓடும்னு கேக்குறாங்க, சித்தப்பா."

"பக்கெட்டுக்குள்ளதான். வேற எங்க ஓடும்?"

அதற்குள் டீயும் மிளகாய் பஜ்ஜியும் வந்தன. ஒரே கடி. அந்த ஐயாவின் முகம் அரக்குச் சேலையின் நிறத்துக்கே வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டே "மொன் நே கூல்" என்று சிரித்தார். மூக்கு ரன் ஆகிறது! ஆக, ரன்னுக்குச் சரியான சொல் கூலே. பஜ்ஜி புண்ணியத்தில் பாடம் கிடைத்த தெம்பில், கேட்காமலேயே ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டேன்: என் சித்தப்பா முப்பது வருஷமாக இந்தக் கடையைக் கூலே பண்ணுகிறார்.

இருவரும் சித்தப்பாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ மெல்லச் சொன்னார். ஒரு சேலைக்கு வந்தவர்கள் நான்கு எடுத்தார்கள். பேரமே பேசவில்லை.

ராத்திரி வகுப்பில் டீச்சரிடம் சொன்னபோது அவர் சிரித்து முடிக்கவே ஐந்து நிமிஷம் ஆனது. கூலே என்றால் ஒழுகுவது. கப்பல் மூழ்குவதற்கும் அதே சொல். கடையை ஒருவர் கூலே பண்ணுகிறார் என்றால் மூழ்கடிக்கிறார் என்று அர்த்தமாம். முப்பது வருஷமாக!

அகராதிக்காரர்கள் கணக்கில் ஆங்கில ரன்னுக்கு 645 பொருள். பிரெஞ்சு இடத்துக்கு இடம் வேறு சொல் வைத்திருக்கிறது. கடை நடத்துவதற்குத் தெனிர், அதாவது பிடித்து வைத்திருப்பது. நாமும் கடை வச்சிருக்கார் என்றுதானே சொல்கிறோம்? வியாபாரத்துக்கு மார்ஷே, நடப்பது. நம் வியாபாரமும் நடக்கத்தான் செய்கிறது. மூக்கு இங்கும் ஒழுகுகிறது. சாயம் போவதற்குத் தெதாந்த்ர் என்று தனிச் சொல்லே உண்டு. அதற்குள் ஓட்டமே கிடையாது. சாயம் போகும் என்று ஆரம்பித்திருந்தால் இந்த வம்பே இல்லை. நடுவில் இங்கிலீஷைத் தரகராக வைத்ததுதான் தப்பு. கமிஷன் மட்டும் வாங்கிக்கொண்டு சரக்கை மாற்றிக் கொடுத்துவிட்டது.

மறுநாள் போய் நடந்ததைச் சித்தப்பாவிடம் ஒப்புக்கொண்டு, சரியான வாக்கியத்தையும் சொன்னேன். அமைதியாகக் கேட்டவர், பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து நீட்டினார்.

"அது கிடக்கட்டும். நேத்துச் சொன்னதை இதுல தமிழ் எழுத்துல எழுதிக் குடு."