பூட்டுப் போடும் அதிகாரம் சங்கத்துக்கு இல்லை

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்தில் நான் சில ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். கடன் தவணை கட்டாதவர் வீட்டுக்குப் பூட்டுப் போடலாம் என்று செயற்குழுவில் பலரும், தொடக்கத்தில் நானுந்தான், நம்பிக்கொண்டிருந்தோம். உறுப்பினர் ஒருவர் தோட்ட வேலையை விட்டுக் கொழும்பில் கடை வேலைக்குப் போனதோடு, செக்ரோல் எனும் தோட்டச் சம்பளப் பதிவேட்டின்படி தவணை கழிக்கப்படுவது நின்று, பதினொரு மாதத் தவணை நிலுவையானபோதுதான் சங்கத்தின் உள்விதிகளான துணைவிதிகளின் புத்தகத்தை ஒழுங்காக விரித்தேன்.

துணைவிதி என்பது தலைவரின் வாய்ச்சொல் அன்று. பதிவு பெற்ற துணைவிதி, அங்கத்துவப் படிவத்தில் கையொப்பமிட்ட ஒவ்வொருவரையும் கட்டுப்படுத்தும். 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 58ஆம் பிரிவின்படி, சங்கத்தின் அலுவல் பற்றி அங்கத்தவருக்கும் சங்கத்துக்கும் எழும் பிணக்கு கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளரிடம் போகவேண்டும். அவர் தாமே தீர்க்கலாம், அல்லது நடுத்தீர்ப்பாளர் ஒருவரிடம் ஒப்படைக்கலாம். அங்கத்தவர் விலகிவிட்டாலோ இறந்துவிட்டாலோ கடன் மறைந்துவிடாது. முன்னாள் அங்கத்தவரிடமும் இறந்தவரின் வாரிசுகளிடமும் சங்கம் இதே வழியில் கேட்கலாம். "அப்பா போய்விட்டார், கணக்கும் போய்விட்டது" என்று சொல்லிவந்த ஒரு குடும்பத்துக்கு இதை விளக்க எனக்கு இரண்டு மாலைகள் பிடித்தன.

தீர்ப்பு வந்த பிறகும் பணம் வராவிட்டால், அத்தொகைக்கான சான்றிதழ் நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்பப்படலாம். அங்கே கடன்காரர் அழைக்கப்பட்டு, காரணம் காட்டத் தவறினால், கடன் தண்டப்பணம் போலவே அறவிடப்படும். சங்கக் கடனை மளிகைக் கடைக் கணக்காக நினைப்பவர்கள் நீதிமன்ற அழைப்பாணை கைக்கு வரும் நாளில்தான் திடுக்கிடுகிறார்கள்.

ஆனால் இவ்வளவும் பணத்தைப் பற்றியது. வீட்டைவிட்டு வெளியேற்றுவது வேறு வழக்கு. நிலத்தின் உரிமையாளர் சங்கம் அன்று. பெருந்தோட்டங்கள் பெரும்பாலும் அரசின் காணிகளாகவே இருக்க, 1992 முதல் பிராந்தியக் கம்பனிகள் அவற்றைக் குத்தகைக்கு நடத்துகின்றன. வேலை போன தொழிலாளியை லயன் காம்பரா எனும் தோட்ட வரிசை வீட்டு அறையிலிருந்து வெளியேற்றக்கூட நீதிமன்றக் கட்டளை வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. நிலைமை அப்படியிருக்க, செயற்குழு எந்த உரிமையில் பூட்டைத் தூக்கிக்கொண்டு போகும்? பலாத்காரமாக வெளியேற்றப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் வழக்கிட்டால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் அவரையே மீண்டும் குடியமர்த்தக் கட்டளையிடலாம். கடன்காரர் நியாயக்காரராகவும் சங்கம் குற்றவாளியாகவும் மாறுவது அப்படித்தான்.

விற்பனை விடயத்தில் தவறு பெரும்பாலும் உறுப்பினர் பக்கம். முத்திரை ஒட்டிய வெள்ளைக் கடதாசியில் எழுதி வீட்டைக் கைமாற்றுவது எங்கள் பக்கத்தில் சாதாரணம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைச் சட்டத்தின்படி, அசையாச் சொத்தின் விற்பனை நொத்தாரிசு முன்பும் இரண்டு சாட்சிகள் முன்பும் எழுதப்படாவிட்டால் செல்லாது. சங்கத்தின் சம்மதம் இல்லை, விற்றவரிடமும் உறுதிப் பத்திரம் இல்லை. வாங்கியவர் இழப்பது காசை, விற்றவர் இழப்பது பெரும்பாலும் அங்கத்துவத்தை. அங்கத்துவத்தை நீக்குவதற்கும் துணைவிதி காட்டும் வழி உண்டு: முன்னறிவித்தல் கொடுக்காமலோ அவர் தரப்பைக் கேட்காமலோ நீக்கினால் அந்தத் தீர்மானம் நிற்காது.

கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போனவரின் வீட்டில் அவருடைய வயதான தந்தை இருந்தார். பூட்டுடன் புறப்பட்ட தலைவரிடம், "மாமா, முதலில் கடிதம் போடுவோம்" என்றேன். பதிவுத் தபாலில் போன கடிதத்துக்கு ஒன்பதாம் நாள் தொலைபேசி வந்தது. மாதந்தோறும் இரண்டு தவணையாகக் கட்டுவதாக அவர் எழுதிக் கொடுத்தார். நான் பதவியை விட்டபோது மூன்று தவணை பாக்கி. பதிவாளர் அலுவலகத்துக்கென்று எழுதி வைத்திருந்த முறைப்பாடு அனுப்பப்படாமல் கோப்பிலேயே இருந்தது.